வானை வலம் வந்தோர் அவையேறிய வரலாறு

பகைவர் நடுவே புகுந்து உயிரையும் கொடுக்கத் துணிவோர் உலகிலே பலர் உளர். அறிந்தோர் கூடிய அவையிலே அஞ்சாது நின்று தம் கருத்தை நிலைநாட்ட வல்லோர் மிகச் சிலரே. வள்ளுவப் பெருந்தகை அவையஞ்சாமை என்னும் அதிகாரத்திலே இக்கருத்தை அமைத்துள்ளார். படைவீரரின் செருக்கை உரைப்பதற்கு அவர் வேறோர் அதிகாரம் வகுத்தமையும் நோக்கத்தக்கது. களத்திலே காட்டும் துணிவு ஒன்று. அவையிலே வேண்டப்படும் துணிவு மற்றொன்று. முன்னதை உடையோர் பின்னதையும் உடையராதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே இவ்வுண்மையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பொன்று உலகிற்குக் கிட்டியது. மண்ணுலகின் பிடியை நீங்கி மேலெழுந்து, சில மணி நேரத்திலே பூமியை வலம் வந்து மீண்ட விண்வெளி வீரர் என்னும் புதியதோர் வீரர் கூட்டம் தோன்றிற்று. பழங்காலத்துப் பேரரசரும் பெற்றிராத புகழை அவர்கள் ஒரு பகற்பொழுதிலே பெற்றனர். அவருட் சிலர் அப்புகழோடு அரசியல் அரங்கினுட் புகுந்தனர். அவ்வாறு புகுந்தோரை மக்கள் எங்ஙனம் ஏற்றனர்? வானத்திலே பெற்ற புகழ் வாக்குப் பெட்டியின் முன்னே எவ்வளவு மதிப்பைப் பெற்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, முதலிலே அமெரிக்கராகிய ஜோன் கிளென் என்பாரின் வரலாற்றை நோக்குதல் தகும்.

1921ஆம் ஆண்டிலே ஒகையோ மாநிலத்திற் பிறந்த கிளென், நியூ கொன்கோட் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். தந்தையார் நீர்க்குழாய் பொருத்தும் தொழில் செய்தவர். இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டபோது கிளென் கடற்படைசார் போர்வீரர் பிரிவிலே விமானியாகச் சேர்ந்தார். பசிபிக் சமுத்திரப் போரில் 59 முறையும், பின்னர்க் கொரியப் போரில் 90 முறையும் போர்விமானம் செலுத்திச் சென்று மீண்டார். 1959ஆம் ஆண்டிலே அமெரிக்கா தன் முதல் விண்வெளி வீரராக எழுவரைத் தெரிந்தெடுத்தது. அவ்வெழுவருள் இவரும் ஒருவரானார்.

1962ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆந் திகதி, ‘நட்பு’ எனப் பொருள்படும் பெயர் பூண்ட சிறு கலத்தில் அமர்ந்து அவர் விண்ணேகினார். பூமியை மும்முறை சுற்றினார். பயணம் முழுவதும் ஐந்து மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவே நீடித்தது. ஆயின், அதனுள்ளும் மரணம் அவரை நெருங்கி வந்தது. கலத்தின் வெப்பத் தடுப்புக் கவசம் கழன்றிருக்கலாம் என்று காட்டும் சமிக்ஞையொன்று நிலத்திலிருந்த பொறியியலாளருக்குக் கிட்டியது. கவசம் கழன்றிருப்பின், காற்று மண்டலத்தினுள் மீளும்போது கலமும் அதிலுள்ளவரும் எரிந்து சாம்பராவது உறுதி. வேகத்தைத் தணிக்கும் சிறு ரொக்கெற்றுக்களின் தொகுதியைக் கழற்றி எறியாது, அது கவசத்தை அழுத்திப் பிடித்திருக்குமாறு விட்டு இறங்கும்படி அவரைப் பணித்தனர். இறங்கும்போது அத்தொகுதி தீப்பற்றித் துண்டு துண்டாகச் சாளரத்தின் புறத்தே பறந்ததை அவர் கண்டார். எரிவது ரொக்கெற்றுத் தொகுதியோ கவசமோ என்பது அப்பொழுது அவருக்குத் தெரியாது. அத்தருணத்திலும் அவர் குரல் தளரவில்லை. கலம் பத்திரமாக அத்திலாந்திக் சமுத்திரத்தில் வந்து விழுந்தது. கவசம் உறுதியாகவே இருந்தது என்பதும், சமிக்ஞையே பிழை என்பதும் பின்னர்த் தெரியவந்தன.

அமெரிக்க மக்கள் அவரைத் தலைமேற் கொண்டாடினர். நாட்டின் சட்டமன்றத்தின் இரு சபைகளும் ஒருங்கு கூடி அவருரையைக் கேட்டன. ஜனாதிபதி ஜோன் கெனடியின் குடும்பத்தார் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றனர். சிறப்பாக, ஜனாதிபதியின் தம்பியாராகிய றொபேட் கெனடி அவருக்கு உற்ற நண்பரானார். அரசியலிற் புகுமாறு கிளெனைத் தூண்டியவரும் அவரே. 1963ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜனாதிபதி கெனடி சுடப்பட்டு இறந்தார். அடுத்த ஜனவரியிலே கிளென் விண்வெளிச் சேவையை விட்டு விலகி, ஒகையோ மாநிலத்திலிருந்து செனற் சபைக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார்.

அமெரிக்கச் செனற் சபையின் தன்மையை இங்கே சிறிது கூறுதல் வேண்டும். 1971ஆம் ஆண்டு வரை இலங்கையிலும் செனற் சபையொன்று இருந்தது. அதன் உறுப்பினருட் பாதிப்பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தது. ஏனையோர் நியமனம் பெற்றனர். அமெரிக்கச் செனற் சபையோ அதனினும் மிக்க வலிமை வாய்ந்தது. மாநிலத்திற்கு இருவராக நூறு பேரை ஆறாண்டுக் காலத்திற்கு மக்களே நேராகத் தெரிவு செய்வர். அதற்கு முன்னர், ஒவ்வொரு கட்சியின் அபேட்சகர் யார் என்பதையும் அக்கட்சி சார்ந்த வாக்காளரே முன்தேர்தலொன்றில் முடிவு செய்வர். எனவே, புகழ்மிக்கவராயினும் ஒருவர் இருமுறை மக்கள் முன்னே நின்று அவர்தம் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும்.

கிளெனின் முதல் முயற்சி எதிர்பாராத முறையிலே முடிவெய்தியது. அறிவிப்புச் செய்து சில வாரங்களே கழிந்த நிலையில், குளியலறையிலே வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டார். உட்காது பழுதுற்றது. எழுந்து நிற்கவும் இயலாத தலைச்சுற்றல் அவரைப் பற்றியது. போர்க்களத்திலும் விண்வெளியிலும் காயமின்றித் தப்பியவர், தம் வீட்டு நிலத்திலே நிலைகொள்ள மாட்டாதவராய்ப் படுக்கையிற் கிடந்தார். போட்டியிலிருந்து விலகுதல் தவிர வேறு வழியிருக்கவில்லை. பின்னர், உடல் தேறியதும் குளிர்பான நிறுவனமொன்றிலே உயர்பதவி ஏற்றார்.

1968ஆம் ஆண்டிலே றொபேட் கெனடி ஜனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டார். கிளெனும் அவர் மனைவியார் ஆனியும் அவருக்காக ஊர் ஊராகச் சென்று உழைத்தனர். ஜூன் மாதத்திலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் றொபேட் கெனடியும் சுடப்பட்டார். உடன் வந்திருந்த அவர் பிள்ளைகளை வீட்டிற்கு அழைத்துச் செல்லும் பொறுப்புக் கிளென் தம்பதிகளுக்கு வாய்த்தது. தந்தை இறந்த செய்தியை அப்பாலகருக்கு எடுத்துரைக்க வேண்டியவரும் கிளெனே ஆனார். சாவின் வாயில்வரை பலமுறை சென்று மீண்ட அவருக்கு அதனினும் கடுமையான பணி வேறு வாய்த்திராது.

அதன்பின் அவர் வாளா இருக்கவில்லை. துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று வற்புறுத்திய அவசரக் குழுவொன்றுக்குத் தலைமை பூண்டார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. துப்பாக்கிகளைப் பதிவு செய்தலும், வைத்திருப்போருக்கு அனுமதிப்பத்திரம் வழங்குதலும் அதிற் சேரவில்லை. விரும்பியதிற் பாதியே கைகூடும் என்னும் அரசியற் பாடத்தைச் செனற் சபையிற் காலடி வைக்கு முன்னரே அவர் கற்றார்.

1970ஆம் ஆண்டு முன்தேர்தலிலே அவர் மீண்டும் நின்றார். அவரை எதிர்த்தவர் கிளீவ்லன்ட் நகரத்து வழக்கறிஞரும் செல்வருமாகிய ஹோவாட் மெற்சன்போம். கிளெனை அறியாத குழந்தையும் அந்நாட்டில் இல்லை. மெற்சன்போமை அறிந்தோர் மாநிலத்திலே சிலரே. எனினும், மெற்சன்போமிடம் பணமும் ஒழுங்கான தேர்தல் அமைப்பும் இருந்தன. தொழிற்சங்கத்தாரின் ஆதரவும் இருந்தது. கிளெனோ தம் பெயரையே பெரிதும் நம்பியிருந்தார். முடிவிலே ஏறத்தாழ 13,000 வாக்குகளால் தோல்வியுற்றார். புகழ் மக்களைக் கூட்டத்திற்கு அழைத்து வரும். அவர்களை வாக்குச் சாவடிக்கு அழைத்து வருவதற்கு வேறு உழைப்பு வேண்டும் என்பதை அத்தோல்வி அவருக்கு உணர்த்திற்று. அடுத்த நான்கு ஆண்டுகளும் அவர் மாநிலத்தின் சிற்றூர்களெங்கும் திரிந்தார். கட்சித் தொண்டரோடு அமர்ந்து அவர் குறைகளைக் கேட்டார்.

1974ஆம் ஆண்டிலே அதே இருவரும் மீண்டும் எதிரெதிரே நின்றனர். செனற் சபையில் ஏற்பட்ட வெற்றிடமொன்றுக்கு அதற்குள் மெற்சன்போம் நியமனம் பெற்றிருந்தார். கிளென் தம் வாழ்விலே தொழிலென்று ஒன்றைச் செய்தவரல்லர் என்னும் பொருள்பட மெற்சன்போம் பேசியது பெருஞ் சர்ச்சையாயிற்று. வாக்களிப்புக்குச் சில நாள்கள் இருக்கையில், கிளீவ்லன்ட் நகரமன்றக் கழகமொன்றில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். கிளென் எழுந்தார். போரிலே உடல் சிதைந்து வைத்தியசாலையிற் கிடக்கும் வீரர்களிடம் சென்று அவர்கள் தொழில் செய்யவில்லை என்று கூற முடியுமா என வினவினார். மைந்தனைப் போரில் இழந்த தாயின் முகத்தைப் பார்த்து அவ்வாறு சொல்ல இயலுமா என்றார். ஆர்லிங்டன் மயானத்திலே துயில்வோரையும், விண்வெளிப் பணியில் உயிர் நீத்த தம் தோழரையும் நினைவூட்டினார். அவர் அமர்ந்தபோது கரகோஷம் நெடுநேரம் ஓயவில்லை. முன்தேர்தலிலே அவர் தெளிவான வெற்றி பெற்றார். நவம்பர் மாதப் பொதுத் தேர்தலிலும் வென்று செனற் சபையை அடைந்தார். விண்ணிலிருந்து மீண்டு பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின்னரே அவருக்கு அவையின் வாயில் திறந்தது.

அத்தேர்தற் காலத்தின் மற்றுமொரு செய்தியும் மறத்தற்குரியதன்று. ஆனி அம்மையார் இளமைதொட்டுக் கடுமையான திக்குவாயினால் வருந்தியவர். கடையிலே வேண்டிய பொருளைக் கேட்பதற்கும், தொலைபேசியிலே ஓரிரு சொற்கள் பேசுவதற்கும் அஞ்சியவர். கணவர் விண்ணேகிய நாளிலே பத்திரிகையாளரும் தொலைக்காட்சியினரும் வீட்டு வாயிலிற் குழுமியபோது அவர் பட்ட வேதனை பெரிது. 1973ஆம் ஆண்டிலே மூன்று வார காலம் தீவிரப் பயிற்சி பெற்று அக்குறையைப் பெரிதும் வென்றார். பின்னர்த் தேர்தற் கூட்டங்களிலே அவரே மேடையேறிப் பேசினார். அவையஞ்சாமை என்னும் சொல்லின் முழுப் பொருளும் அவ்வம்மையாரிடத்தே விளங்கிற்று எனலாம்.

செனற் சபையிலே கிளென் இருபத்துநான்கு ஆண்டுகள் இருந்தார். சொல்வன்மை மிக்கவர் என்று எவரும் அவரைக் கூறவில்லை. 1976ஆம் ஆண்டிலே அவர் கட்சியின் மாநாட்டில் முதன்மையுரை ஆற்றும் பேறு கிட்டியது. உப ஜனாதிபதிப் பதவிக்கு அவர் பெயரும் பேசப்பட்ட காலம் அது. அவருரையோ சுவையற்றதாய் அமைந்து சபையோரைச் சோர்வடையச் செய்தது. அதே மேடையிலே பேசிய பார்பரா ஜோர்டன் என்னும் அம்மையாரே மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தார். உப ஜனாதிபதி அபேட்சகர் இடம் வேறொருவருக்குச் சென்றது.

எனினும், ஆரவாரமில்லாத பணிகளிலே கிளென் தம்மை ஈடுபடுத்தினார். அணுவாயுதம் நாடு நாடாகப் பரவுவதைத் தடுத்தல் அவர் தம் தனிப் பொறுப்பாகக் கொண்ட விடயம். 1978ஆம் ஆண்டிலே நிறைவேறிய அணுவாயுதப் பரவல் தடைச் சட்டத்தை ஆக்குவதில் அவர் பங்கே தலையாயது. அவர் பெயரால் ‘கிளென் திருத்தம்’ என வழங்கிய சட்ட விதியொன்றும் உண்டு. 1998ஆம் ஆண்டு மே மாதத்திலே இந்தியாவும், அதனையடுத்துப் பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது, அவ்விதியின்படியே அமெரிக்கா அவ்விரு நாடுகள்மீதும் பொருளாதாரத் தடைகளை விதித்தது. ஒகையோ மாநிலத்துச் சிற்றூரிலே வளர்ந்த ஒருவரின் சட்டப் பணி தென்னாசிய மக்களின் வாழ்வையும் தொட்டது. அதனை வரவேற்றோரும் உளர். வல்லரசுகள் தாம் குவித்து வைத்துள்ள ஆயுதத்தைப் பிறர் கொள்ளலாகாது என்பது நீதியாகுமோ என்று வினவினோரும் உளர். விண்வெளிப் பயணத்தை உலகம் ஒருவாய்ப்பட வாழ்த்தியது. சட்டத்தையோ அவ்வாறு வாழ்த்தவில்லை. அரசியலிற் புகுந்தோர் ஏற்றே ஆகவேண்டிய நிலை இது.

1984ஆம் ஆண்டிலே கிளென் ஜனாதிபதிப் பதவியை நாடினார். விண்வெளி வீரர் எழுவரின் கதையைக் கூறும் திரைப்படமொன்று அதற்குச் சில மாதங்களின் முன்னரே வெளிவந்திருந்தது. அது அவருக்குப் பெருந்துணையாகும் என்று பலரும் கணித்தனர். முதல் வாக்களிப்பு அயோவா மாநிலத்திலே நடைபெற்றது. அந்நாள் பெப்ரவரி மாதம் 20ஆந் திகதி. அவர் பூமியை வலம் வந்து சரியாக இருபத்திரண்டு ஆண்டுகள் நிறைந்த நாள். அன்று அவருக்குக் கிடைத்தவை நூற்றுக்கு நான்கு வீதத்தினும் குறைந்த வாக்குகளே. மார்ச் மாதத்திலே அவர் போட்டியிலிருந்து விலகினார். ஏறத்தாழ 30 இலட்சம் டொலர் தேர்தற் கடன் நெடுங்காலம் அவரைத் தொடர்ந்தது.

மாசு கற்பிக்கப்பட்ட காலமும் வந்தது. நட்டமடைந்து வீழ்ந்த சேமிப்பு நிறுவனமொன்றின் தலைவரிடம் தேர்தல் நிதி பெற்று, அவருக்காக அதிகாரிகளிடம் பரிந்து பேசினர் என்று ஐந்து செனற்றர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. கிளெனும் அவருள் ஒருவர். 1991ஆம் ஆண்டிலே விசாரணை முடிவுற்றது. முறைகேடு செய்தாரல்லர், ஆயின் நல்லறிவோடு நடந்தாரல்லர் என்று சபையின் ஒழுக்கக் குழு அவரைப்பற்றி உரைத்தது. எவரும் ஐயுறாத வீரரென்று முப்பதாண்டுகளாகப் போற்றப்பட்டவருக்கு அது எளிதிலே ஆறும் புண்ணாகுமோ? எனினும், 1992ஆம் ஆண்டிலே அவர் மீண்டும் மக்கள் முன்னே நின்றார். முன்னையினும் குறைந்த வேறுபாட்டிலேயே வென்றார். ஒகையோ மாநிலத்தவர் ஒருவரைத் தொடர்ந்து நான்குமுறை செனற் சபைக்குத் தெரிந்தது அதுவே முதன்முறை.

பழைய பகையை அவர் முடித்த வகையும் அறியத்தக்கது. 1976ஆம் ஆண்டிலே மெற்சன்போமும் செனற் சபைக்குத் தெரிவானார். ஒரே மாநிலத்தின் இரு செனற்றர்களும் ஒரே கட்சியினராயிருந்தும் நெடுங்காலம் முகங்கொடுத்துப் பேசாதிருந்தனர். 1988ஆம் ஆண்டுத் தேர்தலிலே மெற்சன்போமின்மீது இழிந்த பழியொன்று சுமத்தப்பட்டது. அப்பொழுது கிளென் தொலைக்காட்சியிலே தோன்றி அது பொய்யென மறுத்து அவருக்காகப் பேசினார். தம்மைத் தொழிலறியாதவர் என்று இகழ்ந்தவருக்குத் தம் நற்பெயரையே அவர் துணையாக ஈந்தார்.

1998ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆந் திகதி, செனற்றராக இருந்தபோதே, எழுபத்தேழாவது வயதிலே கிளென் மீண்டும் விண்ணேகினார். முதுமையின் இயல்பை ஆராய்தற்குத் தம் உடலைச் சோதனைப் பொருளாக்கி ஒன்பது நாள்கள் அங்கிருந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியிலே பதவிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றார். 2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8ஆந் திகதி தம் தொண்ணூற்றைந்தாவது வயதிலே காலமானார்.

கிளெனுக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் வாய்த்த அவை, சந்திரனிலே நடந்த ஒருவருக்கு ஆறாண்டுகளே வாய்த்தது. அவர் ஹரிசன் சிமித். சந்திரனை அடைந்த பன்னிருவருள் நிலவியல் அறிஞராக அங்கு சென்றவர் அவர் ஒருவரே. 1972ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இறுதியாக நிகழ்ந்த சந்திரப் பயணத்திலே அவரும் தோழரும் 110 கிலோகிராமளவிலான கல்லும் மண்ணும் கொணர்ந்தனர். 1976ஆம் ஆண்டிலே நியூ மெக்சிக்கோ மாநில மக்கள் அவரைச் செனற் சபைக்கு அனுப்பினர். அங்கே விஞ்ஞானம், விண்வெளி என்பன பற்றிய உபகுழுவின் தலைமையும் அவருக்குக் கிட்டியது. 1982ஆம் ஆண்டிலே நாட்டிற் பொருளாதார மந்தம் பரவி வேலையில்லாத் திண்டாட்டம் மலிந்தது. அவரை எதிர்த்து நின்ற ஜெவ் பிங்கமன் மக்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: இந்தப் பூமியின்மேல் அவர் அண்மையில் உங்களுக்காகச் செய்தது யாது? சந்திரனிலே நின்றவரை மண்ணை நோக்கி இழுத்த அவ்வினாவிற்கு மக்களுக்கு மனநிறைவான விடை கிட்டவில்லை. சிமித் தோற்றார்.

அதே 1982ஆம் ஆண்டிலே கொலராடோ மாநிலத்தில் நிகழ்ந்தது வேறொரு வகைத்து. 1970ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம், சந்திரனை நோக்கிச் சென்ற கலமொன்றின் பிராணவாயுத் தொட்டி நடுவழியிலே வெடித்தது. அக்கலத்திலிருந்த மூவருள் ஜக் சுவைகேட் ஒருவர். செல்லவிருந்த வேறொருவருக்கு அம்மை தொற்றியிருக்கலாம் என்னும் ஐயத்தினால், புறப்படுதற்கு மூன்று நாள்கள் முன்னரே அவர் அவ்விடத்துக்குத் தெரிவானார். உயிரோடு மீண்ட அவர், பின்னர்ப் பிரதிநிதிகள் சபையின் விஞ்ஞானக் குழுவிலே அலுவலராகப் பணியாற்றிச் சட்டமியற்றும் முறையைக் கற்றார். 1978ஆம் ஆண்டு செனற் சபைக்கான முன்தேர்தலிற் போட்டியிட்டுத் தோற்றார். 1982ஆம் ஆண்டிலே பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டபோது அவரைப் புற்றுநோய் பற்றியது. அதனை அவர் வாக்காளரிடம் மறைக்கவில்லை. உள்ளதை உள்ளவாறே உரைத்து வாக்குக் கேட்டார். நூற்றுக்கு அறுபது வீதத்திற்கும் மேற்பட்டோர் அவருக்கே வாக்களித்தனர். ஆயின், பதவியேற்புக்கு ஒரு வாரம் இருக்கையில், டிசம்பர் மாதம் 27ஆந் திகதி அவர் உயிர் நீத்தார். அவையேறாத அவ்வுறுப்பினருக்குக் கொலராடோ மாநிலத்தார் வாஷிங்டன் சட்டமன்ற மாளிகையிலே சிலை வைத்துள்ளனர்.

இவை யாவும் மக்கள் தெரியவும் தள்ளவும் உரிமை பெற்றிருந்த நாட்டில் நிகழ்ந்தவை. சோவியத் நாட்டின் நிலை வேறு. 1961ஆம் ஆண்டிலே முதன்முதல் விண்ணேகியவரும், அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே இலங்கைக்கும் வந்து சென்றவருமான யூரி ககாரின், 1962ஆம் ஆண்டிலே அந்நாட்டின் உச்ச சோவியத் சபையில் உறுப்பினராக்கப்பட்டார். 1963ஆம் ஆண்டிலே விண்ணேகிய முதற் பெண்மணியாகிய வலன்ரீனா தெரெஷ்கோவா 1966ஆம் ஆண்டிலே அச்சபையிற் சேர்ந்தார். நெசவாலையிலே தொழில் செய்து வளர்ந்த அவ்வம்மையார் சோவியத் மகளிர் குழுவின் தலைமையையும் நெடுங்காலம் வகித்தார். அந்நாளைய தேர்தலிலே தொகுதிக்கு ஓர் அபேட்சகரே நின்றார். எனவே, வெற்றி தோல்வி என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. அரசு தன் பெருமையின் அடையாளமாக வீரரைச் சபையில் அமர்த்திற்று.

சோவியத் ஆட்சி மறைந்தபின், பல கட்சிகள் போட்டியிட்ட தேர்தல்களிலே தெரெஷ்கோவா 1995ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் நின்று தோல்வி கண்டார். 2011ஆம் ஆண்டிலே ஆளுங்கட்சியின் சார்பில் உருசியப் பாராளுமன்றத்தை அடைந்தார். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆந் திகதி அவர் அங்கே எழுந்து, ஜனாதிபதி புட்டினின் முந்தைய பதவிக்காலங்களைக் கணக்கிற் கொள்ளாது விடுமாறு அரசியலமைப்பைத் திருத்தவேண்டும் என்று முன்மொழிந்தார். அத்திருத்தம் நிறைவேறிற்று. உலகப் பெண்கள் பலருக்கு ஊக்கமளித்த அம்மையாரின் பெயர் அன்று வேறொரு பயனுக்குத் துணையாயிற்று. வீரரின் நற்பெயர் ஒரு முதல். அதனை எதற்குச் செலவிடுவது என்பதை மக்களாயினும் ஆள்வோராயினும் யாரேனும் ஒருவர் முடிவு செய்தே தீருவர்.

கனடா நாட்டிலே மார்க் கார்னோ என்பவர் 1984ஆம் ஆண்டில் விண்ணேகிய முதற் கனடியர். 2006ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவரும் முதலிலே தோற்றார். 2008ஆம் ஆண்டிலே வென்றார். 2015ஆம் ஆண்டிலே போக்குவரத்து மந்திரியானார். 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே எதியோப்பிய விமானமொன்று வீழ்ந்து 157 பேர் இறந்தபோது, முன்னர் இந்தோனேசியாவிலே வீழ்ந்த விமானமும் அதே வகையைச் சேர்ந்தது என்பது உலகின் கவனத்தை ஈர்த்தது. செய்மதி மூலம் கிட்டிய தகவல்களை ஒப்புநோக்கிய அவர், மூன்றாம் நாளிலே அவ்வகை விமானங்கள் கனடிய வான்வழியிற் பறத்தலைத் தடை செய்தார். அமெரிக்காவும் அன்றே சில மணி நேரத்தின் பின் தடை விதித்தது. பொறியியலாளராகவும் விண்வெளி வீரராகவும் பெற்ற அறிவு மந்திரிப் பதவிக்குப் பயன்பட்ட தருணம் அது. கார்னோ 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே காலமானார்.

இறுதியாக, மார்க் கெலி என்னும் அமெரிக்கரை நோக்கலாம். அவர் நான்குமுறை விண்ணேகியவர். அவர் மனைவியாராகிய கேப்ரியல் கிவ்வேட்ஸ் அரிசோனா மாநிலத்தைச் சார்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர். 2011ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8ஆந் திகதி, தம் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது அவ்வம்மையார் தலையிலே சுடப்பட்டார். அறுவர் இறந்தனர். அவர் உயிர் தப்பினார். ஆயின், பேச்சுத்திறன் பெரிதும் குன்றியது. அடுத்த ஆண்டு பதவியைத் துறந்தார். கணவனும் மனைவியும் 2013ஆம் ஆண்டிலே துப்பாக்கி வன்முறையைக் குறைத்தற்கான இயக்கமொன்றைத் தொடங்கினர். 2020ஆம் ஆண்டிலே கெலி செனற் சபைக்குத் தெரிவானார். 2022ஆம் ஆண்டிலும் வெற்றி பெற்றார்.

கிளெனின் வரலாற்றையும் கெலியின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஓருண்மை புலனாகும். அரை நூற்றாண்டு இடையிட்ட இவ்விருவரையும் அரசியலின் ஆழத்துள் இழுத்தது வானத்துப் புகழ் அன்று. நண்பர் ஒருவரின் தலையிலும் மனைவியின் தலையிலும் பாய்ந்த குண்டுகள் எழுப்பிய கேள்வியை அவர்கள் தட்டிக் கழிக்க இயலாதவராயினர். வானத்திலே அவர்களுக்குப் பணியாளர் ஆயிரவர் துணை நின்றனர்; அடுத்துச் செய்ய வேண்டியதை நிலத்திலிருந்து ஒரு குரல் சொல்லிக்கொண்டேயிருந்தது. அவையிலே அத்தகைய குரல் இல்லை. அங்கே தாமே துணிந்து, தாமே பேசி, தவறின் பழியையும் தாமே சுமத்தல் வேண்டும்.

சிமித்தை நோக்கி எழுந்த அந்த வினா, புகழோடு வாக்குக் கேட்டு வரும் வீரர் எவரையும் நோக்கி எழுதற்குரியது. அதனைக் கேட்பது நன்றிகெட்ட செயலன்று. வீரரைப் போற்றும் உரிமையும் அவரை அளந்து பார்க்கும் உரிமையும் ஒருங்கே மக்களிடம் இருத்தல் வேண்டும். அளக்கும் உரிமை இருந்தமையினாலேதான் கிளென் ஒருமுறை தோற்று, ஊர் ஊராக நடந்து, மக்களின் குறைகளைக் கேட்டுக் கற்றார். அவர் பின்னாளிலே செனற் சபையிற் செய்த பணிகளுக்கெல்லாம் அத்தோல்வியே பள்ளிக்கூடமாயிற்று.